வசந்தாவுக்குக் கிடைத்த சேலைகள்

பொறாமையை விட்டுவிட்டு என் வேலையைப் பற்றி எழுத வராது. கள்ளக்குறிச்சியில் ஒரு ரைஸ் மில்காரர் வீட்டில் சமையலுக்கும் துணி வேலைக்கும் இருந்து ஓய்ந்தவன் நான். வீட்டு வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தில், "தனபாலண்ணே, ஒரே வூட்ல அவ்ளோ வருசம் இருந்துகினீங்க, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். அவர்களுக்கு இப்போது ஏஜென்சியில் உடுப்பு கொடுக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பச்சைச் சட்டை, ஒரே கறுப்பு பேண்ட். யாருக்கு என்ன துணி கிடைத்தது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிற வேலையே இல்லை. எனக்கு அப்படி ஒரு சட்டையைக் கொடுத்திருந்தால் என் வயிறு இத்தனை வருஷம் எரிந்திருக்காது.

எரிந்தது சம்பளத்துக்காக இல்லை, சேலைக்காக. என்னோடு வேலை பார்த்த வசந்தாவுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சேலை கொடுத்தார்கள். எனக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார்கள். அந்தச் சேலைகளை நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். இதைச் சொல்லிவிட்டேன், இனிமேல் மற்றது எழுத வரும்.

எனக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. கூவாகம் அங்கிருந்து தூரமில்லை. சித்திரை மாதத்தில் அங்கே நடக்கிற திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். தலை நிறையப் பூவும் கையில் வளையலுமாக அவர்கள் நடந்து போவதை ரோட்டோரம் நின்று பார்த்துப் புழுங்கியிருக்கிறேன். ஆனால் நான் அவர்களில் ஒருவன் இல்லை. அவர்கள் பெண்களாக வாழ வீட்டை விட்டு வந்தவர்கள். எனக்கு ஆம்பளையாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. சேலை கட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஒரு பெயர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, தேடவும் இல்லை.

மில்காரர் வீட்டுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவர் என் தாய்மாமன். அங்கே இருந்த பழைய சமையல்காரரிடம் வெங்காயம் உரித்து, திட்டு வாங்கி, குழம்பு கூட்டக் கற்றுக்கொண்டேன். அவர் போனபின் அடுப்படி என் கைக்கு வந்தது. துணி வேலையைக் கற்றுக்கொடுத்தவர் வீட்டு அம்மா. அதைத்தான் நான் ஒழுங்காகக் கற்றேன்.

அம்மா சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தேய்த்து மடித்த சேலையை மேஜைமேல் வைத்தால், வந்து மடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவுவார். சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் சேலை முழுவதையும் பிரித்து அதே மேஜைமேல் குவித்துவிட்டுப் போவார். திட்டினால் பதில் சொல்லலாம், மனசுக்குள்ளாவது முணுமுணுக்கலாம். குவித்துப் போட்ட சேலையிடம் என்ன முணுமுணுப்பது? மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டியதுதான்.

கஞ்சி போடுவதில் அவர் கைப்பக்குவம் தனி. சோறு வடித்த கஞ்சியைச் சூடு ஆறுவதற்குள் மல் துணியில் வடிகட்ட வேண்டும். ஒரு பருக்கை நழுவினாலும் சேலையில் வெள்ளைத் திட்டாக நிற்கும். பிறகு தண்ணீர் விட்டு, விரலை முக்கி எடுத்தால் பிசுக்கு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி நீர்க்க வைக்க வேண்டும். சேலையை முதலிலேயே நனைத்துப் பிழிந்து வைத்திருக்க வேண்டும். காய்ந்த துணியை முக்கினால் ஓரிடத்தில் கஞ்சியைக் குடிக்கும், ஓரிடத்தில் குடிக்காது. முக்கி எடுத்ததை முறுக்கக் கூடாது, கையால் உருவிவிட்டு, கரையோடு கரை சேர்த்து இழுத்துக் கொடியில் போட வேண்டும். முக்கால் காய்ந்ததும் எடுத்து உருட்டி வைத்து இஸ்திரிப் பெட்டி போட்டால், சேலை சொன்ன பேச்சைக் கேட்கும். கடைசியில் அந்த வீட்டு மடிப்பு. கரை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, முந்தானை மேலே இருந்து, அதன் நுனி மட்டும் உள்ளே திரும்பியிருக்க வேண்டும்.

பெட்டி போடும்போது என் மனசு சும்மா இருக்காது. இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு விடியலில் வாசல் தெளிக்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குக் காபி எடுத்துப் போகிறேன். வந்தவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார்கள், என்னை ஒருவரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் என் கற்பனை. கற்பனையிலும் நான் எசமானி ஆனதில்லை, வேலைக்காரிதான். சாதம் அடிப்பிடிக்கிற வாசனை வந்தால் அதையும் அங்கேயே போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுவேன்.

அம்மாவின் சேலையை ஒரு நாளும் மேலே சுற்றிப் பார்த்ததில்லை. அந்தக் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும். வேலை போனால் கொல்லைப்புறத்தில் எனக்குக் கொடுத்திருந்த அறையும் போய்விடும். சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு கட்டலாம், சரி. துவைத்து எங்கே காயப்போடுவது? தனி ஆம்பளையின் அறை வாசலில் சேலை காய்ந்தால் தெருவே கேட்கும்.

வசந்தா எனக்குப் பிறகு பல வருஷம் கழித்து வேலைக்கு வந்தவள். கருணாபுரத்திலிருந்து நடந்தே வருவாள். பாத்திரம், பெருக்குவது, துடைப்பது எல்லாம் அவள் வேலை. வயதில் என்னைவிடச் சின்னவள், வாய் என்னைவிடப் பெரியது. அவள் வந்த முதல் பொங்கலிலேயே என் எரிச்சல் ஆரம்பித்தது. பொங்கலன்று வேலையாட்களைக் கூடத்தில் நிற்க வைத்துத் தட்டில் துணி கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். ஆண்களுக்குக் கடையில் எடுத்த வேட்டி துண்டு. பெண்களுக்கு ஒரு புதுச் சேலை, அதோடு அம்மா கட்டிக் கழித்த காட்டன் சேலை ஒன்று. புதுசைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகாது. பழசைப் பார்த்தால் தாங்காது. அது நான் துவைத்து, நான் கஞ்சி போட்டு, நான் மடித்தது. என் மடிப்பு கலையாமல் அவள் கைக்குப் போகும்.

ஒரு வருஷம் வெங்காயத் தோல் நிறச் சேலை போனது. மாம்பழ மஞ்சளில் கரை போட்டது. அம்மாவின் சேலைகளில் எனக்கு உயிரான ஒன்று. அதன் முந்தானையில் ஓர் இழை தடித்து ஓடுவதுகூட எனக்குத் தெரியும். என் கையிலிருந்த வேட்டியைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய துணி. அன்று பொங்கல் எனக்கு இறங்கவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டொரு நாளில் அதைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். கொல்லையில் உட்கார்ந்து கரிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாம்பழ மஞ்சள் கரை சாம்பல் தண்ணீரில் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, இந்தச் சேலையக் கட்டிக்கினா கரிச்சட்டி தேய்ப்ப?"

"பின்ன இன்னாண்ணே, இத்தக் கட்டிக்கினு கோர்ட்டுக்கா போவப்போறேன்?"

"அது கஞ்சி போட்டுக் கட்ற சேல."

"நான் குடிக்கவே கஞ்சி பத்தல. சேலைக்கு வேற ஊத்தணுமா?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தேய்த்தாள்.

அன்றிலிருந்து அவள் காபியில் சர்க்கரையைக் கம்மியாகப் போட்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் குடித்தாள். அவள் கேட்காததும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மில்காரருக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் கொஞ்சம் நிலமும் ஓட்டு வீடும் உண்டு. மரவள்ளி போட்டிருந்தார்கள், நாலு பலாமரம் நின்றது. கோடையில் குடும்பம் அங்கே போய்த் தங்கும். அவர்கள் வருவதற்கு முன்னால் நானும் வசந்தாவும் கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் ஏறிப் போய், ஒட்டடை அடித்து, பாத்திரம் இறக்கி, அடுப்பு பற்றவைத்துத் தயார் செய்ய வேண்டும். அவள் உள்ளறையில் படுத்துக்கொள்வாள். நான் வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் படுப்பேன்.

அந்தக் கோடையில் போன மறுநாள் காலையிலேயே வசந்தா உப்பு, பருப்பு வாங்க வெள்ளிமலைக்குக் கிளம்பிவிட்டாள். வெங்காயத் தோல் சேலையை முந்தின நாளே அலசிக் கொடியில் போட்டிருந்தாள். சுற்றிலும் மலை, ஆள் அரவம் இல்லை. சேலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் முதலில் உலையில் அரிசி போட்டேன், மும்முரமாக வேலை செய்கிறவனைப் போல விறகு எடுத்து வைத்தேன். பிறகு போய் அதைக் கொடியிலிருந்து எடுத்தேன்.

ஜாக்கெட்டுக்கு எங்கே போவது? பனியனோடு கட்டினேன். மேஜைமேல் வைத்துக் கொசுவம் மடிக்க என்னைவிட்டால் ஆளில்லை. இடுப்பில் வைத்து மடிக்க வரவில்லை. மூன்று தடவை அவிழ்ந்து விழுந்தது. ஒரு வழியாகச் செருகி முந்தானையைத் தோளில் போட்டபோது கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றது, நான் அந்த உயரம். இருந்தாலும் சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உடனே துடைப்பத்தை எடுத்தேன். எனக்குச் சும்மா கட்டிக்கொண்டு நிற்க ஆசை கிடையாது, வேலை செய்ய வேண்டும்.

வேலை என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. குனிந்து பெருக்கினால் முந்தானை துடைப்பத்துக்கு முன்னால் போய் நின்றது. கிணற்றில் தண்ணீர் சேந்திக் குடத்தை இடுப்பில் வைத்தேன், கொசுவம் நழுவியது. குடத்தைப் பிடிப்பதா கொசுவத்தைப் பிடிப்பதா என்று யோசிப்பதற்குள் தடுக்கிக் குடத்தோடு சேற்றில் உட்கார்ந்தேன். எழுந்து ஓடிவந்து சாதத்தை வடித்தால் முந்தானை நுனி கஞ்சிப் பானைக்குள் போய்விட்டது. கற்பனையில் நான் காபித் தட்டோடு எவ்வளவு அழகாக நடந்தேன்.

சேற்றோடு அப்படியே கொடியில் போட முடியாது. அவிழ்த்துத் துவைத்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் வசந்தாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பக்கத்தில் சூடாக வடித்த கஞ்சி இருந்தது. என் கை அதன் பாட்டுக்கு மல் துணியைத் தேடியது. வடிகட்டி, நீர்க்க வைத்து, முக்கி, உருவி, கரையோடு கரை இழுத்துக் காயப்போட்டேன். பெட்டி இல்லாததால் மடித்துப் பலகைக்கு அடியில் வைத்து மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். பிறகு எடுத்து அவள் பைமேல் வைத்துவிட்டு, மடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டேன். நன்றாக வந்திருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பாருங்கள்.

வசந்தா சாமானை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். சேலையை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது யாருதுண்ணே?"

"உன்னுதுதான்."

"என் சேல இப்பிடி வெறச்சிக்கினு நிக்காதே." பிரித்துப் பார்த்தாள். "காஞ்சா எடுத்து வெக்கறது செரி. தொவச்ச சேலையத் திரும்பத் தொவச்சு, கஞ்சி எதுக்குப் போட்டீங்க?"

நான் துணி வேலைக்காரன், பழக்கத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே நான் எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டும். அங்கே அண்ணன் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பேன் என்று யோசித்தேன்.

"கட்டிப் பாத்தீங்களா?"

"ம்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. அப்பால கெணத்தாண்ட வுழுந்துட்டேன்."

வசந்தா சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தாள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, உயிர் வந்த மாதிரியும் இருந்தது.

"பொம்பளையா மாறணுமாண்ணே உங்களுக்கு?"

"இல்லம்மா. கட்டிக்கணும், வேல செய்யணும்."

"யாராச்சும் வேலைக்காரியப் பாத்துப் பொறாமப்படுவாங்களா?" என்றாள். பிறகு எழுந்து, தன் இடுப்பில் செருகிக் காட்டினாள். "தோ பாருங்க. கொசுவத்த இப்பிடி மேல தூக்கிச் சொருவணும். முந்தானைய முதுவால சுத்திக்கினு வந்து இந்தப் பக்கம் இறுக்கணும். கஞ்சி போட்டது அம்மா மாதிரி சும்மா குந்திக்கினு இருக்கறவங்க கட்றது. வேலைக்குக் கட்ற சேல தொவண்டு கெடக்கணும்." செருகியதை இறக்கிவிட்டுக்கொண்டே, "நான் உங்க லுங்கியப் பாத்து எரிஞ்சிக்கினு கெடக்கறேன், நீங்க இன்னாடான்னா" என்றாள்.

"லுங்கில இன்னா இருக்குது?"

"மழ பேஞ்சா முட்டிக்கு மேல தூக்கிக் கட்டிக்கினு போறீங்க. நான் ஈரக் கரைய நாள் பூரா இஸ்துகினு திரியறேன். என்னிக்காச்சும் கால் காஞ்சு வூட்டுக்குப் போயிருப்பனா?"

மறுநாள் அவள் என் லுங்கியையும் சட்டையையும் போட்டுக்கொண்டு விறகு பிளந்தாள். நான் அவளுடைய பழைய நைலக்ஸ் சேலையை அவள் சொன்னபடி செருகிக் கட்டிக்கொண்டு வீடு மெழுகினேன். லுங்கி கட்டிய கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு அதற்குரிய நடை வந்துவிட்டது. காலை அகட்டி வைத்துப் பீடி கேட்பவளைப் போல நின்றாள். எனக்குச் சாயங்காலம் வரைக்கும் சேலையில் நடை வரவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அம்மா வந்து இறங்கிய அன்று வசந்தா அந்தக் கஞ்சி போட்ட சேலையைக் கட்டியிருந்தாள். அம்மா அவளைக் கடந்து போனவர் திரும்பி வந்து, தோளில் இருந்த மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"கஞ்சி யாரு போட்டது?"

"நான்தாம்மா" என்றாள் வசந்தா.

"உனக்கு எப்பயிலேர்ந்து கஞ்சி போட வருது?" என்று கேட்டுவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். நான் அவர்கள் கொண்டுவந்த துணிப்பெட்டியை இறக்குகிற மாதிரி குனிந்தேன். வேலையாளுக்குக் கொடுத்த சேலைக்கு இத்தனை பக்குவம் பார்க்கிறவன் யார், ஏன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார்.

அடுத்த பொங்கல் வரைக்கும் எனக்கு ஒரு நப்பாசை. தெரிந்துகொண்டவர் ஒருவேளை தட்டில் ஒன்று வைப்பாரோ என்று. கூடத்தில் என் முறை வந்தபோது தட்டைத்தான் முதலில் பார்த்தேன். வேட்டி துண்டுதான். அன்று மத்தியானம் அடுப்படிக்கு வந்து அம்மா மெதுவாகச் சொன்னார்: "மலையில இன்னா கட்டிக்கினு வேல செஞ்சா எனக்கு இன்னா தனபாலு. இங்க வேட்டிதான். நாலு பேரு வந்து போற வூடு." பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைப் பூட்டிக்கொள்கிற மனுஷி அவர். இருந்தாலும் அந்தப் பாதியைக் கொடுக்க அவருக்குக் கடமை ஒன்றும் இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் குடும்பம் வருவதற்கு முந்தின ஓரிரு நாள் மலையில் எனக்குச் சேலை, வசந்தாவுக்கு லுங்கி. செருகிக் கட்டி விறகடுப்பில் சமைக்க, குடம் தூக்க, மரவள்ளி மூட்டையை இழுக்கக்கூடப் பழகிவிட்டேன். நன்றி இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பொறாமை போகவில்லை. நான் கட்டியதெல்லாம் அவளுக்குக் கொடுத்த சேலை. மாலையில் அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். பொங்கலில் தட்டு அவள் பக்கம் நீளும்போது மனசு பழையபடி புழுங்கும். மில்காரர் காலமாகி, அம்மா சென்னையில் மகன் வீட்டுக்குப் போய், எங்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிய நாளிலும் வசந்தாவுக்கு ஒரு மூட்டைச் சேலை கொடுத்தார். எனக்குப் பட்டுக்கரை வேட்டி கொடுத்தார். அம்மா அழுதார். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறேன். மொட்டை மாடி எனக்கு மட்டும்தான், மூன்று பக்கமும் சுவர். வசந்தா அவ்வப்போது வருவாள். போன தீபாவளிக்கு முன் வந்தவள், கொடியில் என் வேட்டியும் லுங்கியும் மட்டும் காய்வதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"இங்கயும் வேட்டிதானா? யாரு குடுப்பாங்கன்னு குந்திக்கினு கீறீங்க? எழுந்திரிங்க, கடைக்குப் போலாம்."

"நீ எடுத்துக் குடு. நான் வெளிய நிக்கிறேன்."

"நான் எடுத்தா அதுவும் என் சேலதான். அப்பால அதுக்கும் எரிவீங்க."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் துணிக்கடையில் இருவரும் ஏறினோம். காட்டன் பக்கம் போனோம். கடைப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். பச்சைப் பட்டாணி நிறத்தில் குங்குமக் கரை போட்ட ஒன்று வந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன், நல்ல நெசவு. அந்தப் பெண் அதை எடுத்து வழக்கப்படி வசந்தாவின் தோளில் போட்டு, முந்தானையை நீவிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அக்காவுக்கு எடுப்பா இருக்குது பாருங்க சார்" என்றாள்.

இருந்தது. பாவி, அவளுக்கு எதைப் போட்டாலும் இருக்கும். கொல்லையில் கரிப் பாத்திரத்தோடு அவளைப் பார்த்த நாளில் எரிந்ததைப் போலவே வயிறு எரிந்தது. வசந்தா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான்தான் பேச வேண்டும் என்று நின்றாள்.

"அவங்களுக்கு இல்லம்மா. எனக்கு. என் மேல போட்டுக் காட்டு" என்றேன்.

கடைப் பெண் என்னைப் பார்த்தாள், வசந்தாவைப் பார்த்தாள். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அந்தப் பெண் சேலையை வசந்தாவின் தோளிலிருந்து எடுத்து, என் உயரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, சட்டைக்கு மேலே தோளில் போட்டாள். கரையைத் திருப்பி நேராக்கினாள். "சாருக்கு அகலம் ஜாஸ்தி வேணும், இது செரியா வரும்" என்றாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். பச்சை எனக்கும் எடுப்பாக இருந்தது.

வசந்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தக் கூடத்தில் நின்று நான் பார்த்த பார்வை அது. அவள் கடைப் பெண்ணிடம் திரும்பி, "இதே கலருல இன்னொண்ணு இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதாங்க்கா வந்துச்சு."

நான் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டேன்.